முருகனுக்குச் சொன்ன முடி

அத்தை தொலைபேசியில் கூப்பிட்டால் என் நலத்தை விசாரிக்க மாட்டார். என் தலையின் நலத்தை விசாரிப்பார்.

"அம்முணி, தலை எப்புடி இருக்குது?"

"தலை அப்படியேதானுங்க அத்தை இருக்குது."

"எண்ணெய் வெச்சியா?"

"வெச்சனுங்க."

"இன்னும் எச்சா வெக்கோணும். விடாமப் பண்ணோணும்."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். கணவர், பிள்ளைகள், வேலை, எனக்குப் புதிதாக வந்திருந்த இரத்த அழுத்தம் எல்லாம் அவருக்குத் தலைக்குக் கீழே உள்ள விஷயங்கள். எனக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் கிருஷிபவனில் வேலை. வேளாண்மை அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் தமிழரும் அப்படித்தான் சொல்வோம். தினமும் பதினொரு மணித் தேநீர் வேளையில் இந்த உரையாடல் நடக்கும். என் பக்கத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அடுத்த மேசைச் சேச்சி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தலையில் எந்தா? ட்யூமர் ஆணோ?" கண் கலங்கியிருந்தது.

"ஐயோ, இல்ல சேச்சி. முடி."

சேச்சி என் முடியைப் பார்த்தார். கலக்கம் குறையவில்லை.

அந்த முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுருட்டை என்று சொன்னால் சுருட்டைமுடிக்காரர்கள் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். ஒவ்வொரு இழையும் தனக்குப் பிடித்த திசையில் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி, வேறு பக்கம் திரும்பி நிற்கும். தொட்டால் தேங்காய் நார். சீப்பு உள்ளே போகும், பல் இல்லாமல் வெளியே வரும். குளித்துவிட்டு வந்த முதல் கால்மணி நேரம் மட்டும், ஈரம் இருக்கிறவரை, மனித முடிபோல் படுத்திருக்கும். அப்புறம் ஒன்றொன்றாக எழுந்து உட்காரும். போதாததற்கு எங்கள் ஊர்க் காற்று. மார்கழி பிறந்ததும் வாளையாற்றுக் கணவாய் வழியாக மேற்கே ஒரு வறட்டுக் காற்று இறங்கும். நெல் காய, வற்றல் காய, துணி காய அதைப்போல் வேறு காற்று இல்லை. அந்த இரண்டு மாதம் நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் முதலில் என் தலை வரும், பிறகு நான் வருவேன்.

பழைய புலவர்களிடம் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. கூந்தலை மேகம் என்றார்கள், ஆற்று மணலின் வரி என்றார்கள், மயில் தோகை என்றார்கள். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்று சபை கூட்டிச் சண்டைகூடப் போட்டிருக்கிறார்கள். சொரசொரப்பைப் பற்றி ஒருவராவது வாயைத் திறந்திருக்கிறாரா? என் போன்ற தலைவிகள் வீட்டைவிட்டு வெளியே வந்ததே இல்லை போலும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக்கு எதிர் வளவிலேயே வாக்கப்பட்டவர். பிள்ளைகள் இல்லை. அவர் தலையும் என் தலையும் ஒரே தென்னையில் உரித்தவை. தன் தலையை அவர் வெகு காலத்துக்கு முன்பே கைகழுவிவிட்டிருந்தார். எலுமிச்சங்காய் அளவுக்கு இறுக்கிச் சுருட்டி, ஏழெட்டு ஊசி குத்தி, அதன்மேல் முந்தானையைப் போட்டு மூடிவிடுவார். குற்றவாளியை அழைத்துப் போகிற போலீஸ்காரர்கள் அப்படித்தான் மூடி அழைத்துப் போவார்கள். ஆனால் நான் பிறந்து, என் தலையில் முளைத்ததைப் பார்த்ததும், இன்னொரு வாய்ப்பு கிடைத்ததாக முடிவுகட்டிவிட்டார்.

செவ்வாய், வெள்ளி காலையில் அத்தை வீட்டுப் பொடக்காளியில் நான் ஆஜராக வேண்டும். பொடக்காளி என்பது கொல்லைப்புறத்தில் மூன்று பக்கம் ஓலைத் தட்டி வைத்த குளியல் இடம். அத்தை அங்கே கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு உட்கார்ந்திருப்பார். உள்ளங்கையில் ஊற்றி, உச்சியில் அடித்து, விரல்களை வேர்வரை விட்டுத் தேய்ப்பார். தேய்க்கும்போது பேச மாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். வெயிலில் ஊற வைப்பார். எல்லாம் ஊறி, என் முடி முதல்முறையாகக் கொஞ்சம் சமாதானத்துக்கு வருகிற நேரத்தில் அரப்பை எடுப்பார்.

அரப்பு தெரியாதவர்களுக்கு: ஒரு மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி. எங்கள் கொங்குப் பக்கத்தில் தலைக்கு அதுதான். எண்ணெயை எடுப்பது அதன் ஒரே வேலை, அந்த வேலையில் அதற்கு நிகர் கிடையாது. ஒரு மணி நேரம் ஊட்டிய எண்ணெயை இரண்டு நிமிடத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து எடுத்துவிடும். அதோடு எங்கள் போர்வெல் தண்ணி. பாத்திரத்தில் வைத்தால் வெள்ளையாகப் படியும் தண்ணி.

"அத்தை, அரப்பு போட்டா எல்லா எண்ணெயும் போயிருதுங்களே. அப்பறம் எண்ணெய் எதுக்குங்க?"

"எண்ணெய் வெச்சா அரப்பு போட்டுத்தான ஆகோணும்?"

"அப்ப எண்ணெயே வெக்கலீன்னா?"

"எண்ணெய் வெக்காம முடி எப்புடி அடங்கும்?"

இந்த வட்டத்தை என்னால் உடைக்க முடியவில்லை. வருடக்கணக்கில் உடைக்கப் பார்த்து, பள்ளி முடித்து, கல்லூரியும் முடித்துவிட்டேன்.

வெந்தயம் அரைத்துப் பூசினார், கோழி முட்டை பூசினார், சோற்றுக் கஞ்சி, புளித்த தயிர், கத்தாழை பூசினார். விளக்கெண்ணெய் பூசிய வாரம் பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. எதுவும் பலிக்காதபோது அத்தை மருந்தைக் குறை சொன்னதே இல்லை. "நீ விடாமப் பண்ணியிருக்க மாட்டே" என்பார். தண்ணியைக் குறை சொன்னார், காற்றைக் குறை சொன்னார், நான் புத்தகம் படிப்பதைக்கூடக் குறை சொன்னார். படிச்சா தலை சூடேறி எண்ணெய் வத்திருதாம்.

அவர் போட்ட இன்னொரு சட்டம் என் உடம்பிலேயே தங்கிவிட்டது. "கையில ஒட்டுன எண்ணெயைச் சீலையில தொடைக்காதே. தலையில தொடை." எந்த எண்ணெயானாலும். வடை சுட்டால் கை தலைக்குப் போகும். விளக்கேற்றினால் தலைக்குப் போகும். நேந்திரங்காய் வறுவல் தின்றுவிட்டு அலுவலகத்தில் தலையைத் தடவிக்கொண்டதைப் பார்த்து அதிகாரி நான் கடுமையாக யோசிப்பதாக நினைத்துக்கொண்டார். வீட்டில் என்ன பலகாரம் செய்தேன் என்பதை என் கணவர் என் தலையை மோந்தே சொல்லிவிடுவார்.

இதே வீட்டில் என் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்குப் பட்டுப்போல் முடி. எண்ணெய் கிடையாது, அரப்பு கிடையாது, கிணற்றில் குதித்துவிட்டு வந்து தலையை உதறுவான், விளம்பரத்தில் வருகிற மாதிரி விழும். "ஆம்பளைப் பையனுக்கு என்னத்துக்கு அதெல்லாம்" என்று அத்தை அவன் தலையைத் தொட்டதே இல்லை. முப்பது வயதுக்குள் அது அத்தனையும் உதிர்ந்து போயிற்று. எனக்கோ ஒரு இழை உதிரவில்லை. உலகில் நீதி எப்படி வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த காலத்தில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் பூ வைத்துவிடுகிற சாக்கில் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார், சிராய்ப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "பொண்ணு லட்சணமா இருக்குதுங்க. தலைதான்…" என்று இழுத்தார். அந்த இழுவை கொழிஞ்சாம்பாறை தாண்டிப் போயிற்று, திரும்ப வரவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. வம்சத்தையே தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாக அவருக்குப் பட்டது. அடுத்த கிருத்திகைக்குத் தனியாகப் பழனிக்குக் கிளம்பிப் போனார். பஞ்சாமிர்தத்தோடும் அப்பாவுக்கு ஒரு செய்தியோடும் திரும்பினார்.

"என்ற அம்முணிக்கு வேண்டிட்டு வந்துட்டேன் தம்பி. இவ தலை மட்டும் பட்டாட்ட அடங்குச்சுன்னா, அந்த முடியை முழுசா எறக்கித் தர்றேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன்."

அப்பா பஞ்சாமிர்தத்தை வாயில் வைத்தவர் விழுங்காமல் பார்த்தார். "ஆரு முடியை?"

"இவளுதைத்தான். என்றதை வாங்கி முருகன் என்ன பண்றது?"

"ஏனுங்கக்கா, முடி நல்லா வரோணும்னு வேண்டிட்டு, வந்துச்சுன்னா அதையே நீ எடுத்துக்கன்னு சொன்னா, அப்பறம் இவளுக்கு என்னுங்க மிச்சம்?"

"வேண்டுதல் நெறவேறுனது மிச்சமல்ல?"

"ஒரு பால்குடம் எடுக்கறேன்னு சொல்லியிருக்கலாமல்லங்க?"

"கேட்டது பெருசு தம்பி. சில்லறையாக் குடுத்தா அவன் காதுல வாங்குவானா?"

"பூமுடின்னாவது சொன்னீங்களா?" பெண்கள் வழக்கமாக முழுத் தலையும் மழிப்பதில்லை. நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதும், அதுதான் பூமுடி.

அத்தை சற்று யோசித்தார். "முழுசுன்னுதான் வாயில வந்துருச்சு."

இந்தப் பேச்சு முழுவதும் நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன் என்பதை ஆவணத்துக்காகச் சொல்லி வைக்கிறேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் நிலைமை இப்படி ஆயிற்று: தலை அடங்காவிட்டால் பரட்டை, அடங்கினால் மொட்டை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு புத்தகம் படித்தவள். ஆனாலும் யாராவது ஒரு நல்ல எண்ணெயை, உண்மையிலேயே பலன் தரும் என்று சொல்லிக் கொடுத்தால், மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்துவிடுவேன். அத்தைக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. முருகனுக்குக் கொடுப்பதற்காகவே வளர்க்கிற கிடாயைப் போல என் தலையை இன்னும் ஊக்கமாகத் தேய்த்தார்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. இந்த முறை வந்த மாப்பிள்ளை என் தலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மாமாவுக்குக் கண்ணாடியை மாத்தோணும்" என்றான் தம்பி. நான் பாலக்காட்டு டவுனுக்குக் குடிபோனேன், பொடக்காளி போய்த் தொலைபேசி வந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். அத்தைக்குப் பார்வை மங்கியது, காது மந்தமாயிற்று. விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஊருக்குப் போனால் வாசலிலேயே முதலில் அவை என் தலைக்குள் போகும். போய், நின்று, வெளியே வரும். "அடங்கலை." முருகன்மேல் அவருக்கு வருத்தம் இருந்தது. "என்னத்தைத்தான் பாத்துட்டு இருக்கறானோ அங்க மலைமேல" என்பார்.

தம்பி மகள் கல்யாணத்தின்போதுதான் எல்லாம் கெட்டது. "அத்தை, போட்டோவுல நீங்க இப்புடி நிக்கக் கூடாது" என்று கல்யாணப் பெண்ணே என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பாலக்காட்டில் ஒரு பார்லரில் உட்கார வைத்துவிட்டாள். ஸ்மூத்தனிங் என்றார்கள். பார்லர்ப் பெண் என் முடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "சேச்சி, இது பயங்கர ட்ரை ஆணு கேட்டோ" என்றாள், எனக்குச் சேதி சொல்கிற மாதிரி. மருந்தைப் பூசினார்கள், கழுவினார்கள், பத்தி பத்தியாகப் பிரித்து இஸ்திரி போட்டார்கள். காலையில் உள்ளே போனவள் மாலையில் வெளியே வந்தேன்.

கண்ணாடியில் யாரோ ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் முதல்முறையாக என் முடி தோளைத் தொட்டுக்கொண்டு நேராகக் கீழே விழுந்தது. பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். காற்று அடித்தது, முடி பறந்தது, திரும்பத் தன் இடத்துக்கே வந்தது! மறுபடி பறந்தது, மறுபடி வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டார், தேவையில்லாமல் தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னேன்.

கல்யாண மண்டபத்தில் அத்தை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குனிந்தேன். விரல்கள் வழக்கம்போல் உள்ளே போயின. நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு நுனிவரை வந்துவிட்டன. அத்தை மறுபடி தொட்டார். இரண்டாவது கையையும் கொண்டுவந்தார். அந்த மங்கலான கண்களில் தண்ணீர் கட்டியது.

"அடங்கிருச்சு, அம்முணி."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மேளம் வேறு வாசித்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாங்க அத்தை" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பழனிக்கு எப்பப் போலாம்?"

மேளம் நின்றதா, எனக்குக் காது அடைத்ததா தெரியவில்லை.

"அத்தை, இது மருந்துங்க. பார்லர்ல போட்டுவிட்டது. முருகனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அந்தப் பார்லர்க்காரிக்குப் புத்தி குடுத்தது ஆரு?"

"அவ காசுக்குப் பண்றாளுங்க."

"உன்னை அங்க கூட்டிட்டுப் போனது ஆரு? நீயாப் போனயா?"

நானாகப் போகவில்லை என்பது உண்மைதான்.

அதன்பிறகு பதினொரு மணிக்கு வருகிற கேள்வி மாறிவிட்டது. தலை எப்படி இருக்குது என்று கேட்பதே இல்லை. "என்னைக்குப் போலாம்?" நானும் சொன்னேன்: ஆடிட் வருதுங்க, எலக்சன் டியூட்டிங்க, மழை சாஸ்திங்க. ஒரு ஆயுள் முழுவதும் பரட்டையாக இருந்துவிட்டு இப்போதுதான் ஒரு பின்னல் போட்டு, அது அவிழாமல் சாயங்காலம்வரை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதை எப்படிக் கொடுப்பது? என் கணக்கு வேறு. ஸ்மூத்தனிங் புதிதாக முளைப்பதை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு மாதமும் வேரில் கொஞ்சம் பழைய நார் எட்டிப் பார்த்தது. இன்னும் சில மாதம் தள்ளிப்போட்டால் முழுத்தலையும் பழையபடி ஆகிவிடும், வேண்டுதலும் தானே செத்துவிடும். பட்டு போகிறதே என்று ஒரு பக்கம் வயிறு எரியும், நார் வருகிறதே என்று இன்னொரு பக்கம் நிம்மதி. இரண்டும் ஒரே தலையில்.

"பேசாமக் குடுத்துருங்கக்கா. வளந்துரும்" என்றான் தம்பி.

"உன்றதுல மொதல்ல வளர வெச்சுக் காட்டுடா" என்றேன்.

அந்த ஐப்பசியில் அத்தை பொடக்காளியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்து நடப்பது குறைந்துபோயிற்று. பார்க்கப் போனேன். கட்டிலில் சின்னதாகக் கிடந்தார். கை என் தலையைத் தேடி வரவில்லை. அதுதான் எனக்குச் சரியில்லாமல் பட்டது.

"எனக்கு வேற கொறை ஒண்ணுமில்லை அம்முணி. வாயால சொன்னது ஒண்ணு நிக்குது. அதைக் குடுக்காம அங்க போயி அவன் மூஞ்சில எப்புடி முழிக்கறது? நீயே சொல்லு."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். திட்டாமல், உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார். என் பின்னலை ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டேன். "வர்ற வெள்ளிக்கெழமை போலாமுங்க" என்றேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யாரிடம் காட்டுவது? முருகனிடம்தான் காட்ட வேண்டும், அவரோ அத்தை பக்கத்து ஆள்.

தம்பி காரோட்டினான். கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலை. வழி நெடுக அத்தை உற்சாகமாக இருந்தார். அடிவாரத்தில் முடி இறக்கும் மண்டபத்தில் கூட்டம். அத்தையை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தோம். நான் பலகையில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்குப் பூமுடிங்களா?" என்று கேட்டார் முடி எடுப்பவர்.

"முழுசு" என்றார் அத்தை. காது மந்தம் என்று யார் சொன்னது?

பின்னலை அவிழ்த்தேன். முடி எடுப்பவர் தண்ணீரை எடுத்தார். "இரு சாமி, நனைக்கறதுக்கு முன்னால ஒருக்காத் தொட்டுக்கறேன்" என்று அத்தை கையை நீட்டினார். இந்த முறை நுனியிலிருந்து மேலே வந்தார். வழவழவென்று வந்த விரல் உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேயே தோண்டியது.

"அம்முணி, அடியில என்ன இது?"

"அதுதானுங்க என்ற முடி."

"அப்ப இது?"

"அது பார்லர்ல பண்ணுனதுங்க. அன்னைக்கே சொன்னேனல்லங்க."

"மேல்பூச்சா?"

"மேல்பூச்சுதானுங்க."

அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ கல்யாணத்தில் போட்டுக்கொண்டு போன நகை கவரிங் என்று யாரோ சொல்லிவிட்டது போல இருந்தது முகம். "அப்ப முருகன் ஒண்ணும் பண்ணலீங்களா அத்தை?" என்றான் தம்பி, புண்ணில் விரலை விட்டு.

"வாயை மூடு. கோயல்ல நின்னுட்டு." பிறகு என்னைப் பார்த்து, "எந்திரி. அடங்காததைக் குடுத்தா அவனை ஏமாத்துன மாதிரி ஆயிரும்."

எழுந்தேன். சொன்னபடி கேட்டு இவ்வளவு வேகமாக நான் எழுந்தது அதுதான் முதல்முறை. பின்னால் நின்றவர் அந்த இடத்துக்கு நகர்ந்தார். அதற்குள் அத்தை தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை விலக்கினார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அத்தை, உங்களுக்கு என்னத்துக்குங்க? வேண்டுதல்தான் நெறவேறலையே."

"இத்தனை வருசமா அவனை ஒரு நாள் விடாமப் புடுங்கியெடுத்துருக்கறேன். சும்மா எந்திரிச்சுப் போறதா?"

"உங்களுதை வாங்கி முருகன் என்ன பண்றதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது அவன் பாடு."

முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்தார், கத்தியை வைத்தார். நின்றார். மறுபடி தண்ணீர் தெளித்தார். "என்னம்மா இது, கத்தியே எறங்க மாட்டேங்குது?"

"எங்க வம்சம் அப்புடி" என்றார் அத்தை. அந்த முடியைப் பற்றி அவர் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அங்கேதான்.

சந்தனம் பூசிய தலையோடு ஊர் திரும்பினார். நாலைந்து மாதம் கழித்து, பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது.

"அம்முணி, என்ற தலையைத் தொட்டுப் பாரு."

"போன்ல எப்படிங்க அத்தை தொடறது?"

"அப்ப கெளம்பி வா."

போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முந்தானை இல்லாமல். தலையில் வெள்ளையாக, இரண்டு விரற்கடை உயரத்துக்கு, புதிதாகப் பொரித்த கோழிக்குஞ்சின் உடம்பில் இருப்பதுபோல ஒன்று முளைத்திருந்தது. என் தலையில் அவர் கை வைத்ததற்குக் கணக்கில்லை. அவர் தலையில் நான் கை வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டேன். விரலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அவ்வளவு மெத்து.

"பட்டாட்ட இருக்குதல்ல?"

"பட்டாட்டத்தானுங்க இருக்குது."

இப்போது அவர் கை என் தலைக்கு வந்தது. பார்லர்ப் பட்டு முடியையெல்லாம் நான் வெட்டி எறிந்திருந்தேன். விரல்கள் போயின, நின்றன, வெளியே வந்தன.

"பாத்தியா? அன்னைக்கு நீயும் ஒக்காந்திருந்தா உனக்கும் இப்புடி வந்திருக்கும். கேட்டியா?"

"அத்தை, நீங்கதானுங்க எந்திரின்னு சொன்னீங்க!"

"சொன்னா எந்திரிச்சர்றதா? விடாமப் பண்ணோணும் அம்முணி."

எதிரில் தம்பி சிரித்தான்.

அடுத்த தை மாதம், காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பதினொரு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். அத்தையின் நேரத்தில் அவன் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் வழக்கத்தில், எடுப்பதற்கு முன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறந்தவரின் தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டும். அத்தையை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என் முறை வந்தது. மாமன் வீட்டுப் பெரியவர் ஒருவர் என் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார், இன்னொரு கையில் ஒரு சிட்டிகை அரப்பு. வைத்தேன். அந்த மெத்தென்ற வெள்ளையில் எண்ணெய் தங்கவே இல்லை, வழிந்து நெற்றிக்கு வந்துவிட்டது. எண்ணெய் தேவையே இல்லாத தலை அது. அதன்மேல் அரப்பு, பச்சையாக. எண்ணெய் வைத்தால் அரப்பு போட்டுத்தானே ஆக வேண்டும்?

நகர்ந்தேன். பின்னால் ஒரு அலறல்.

"அய்யய்யோ, அம்முணி! அந்த எண்ணெயை என்ன பண்றே? ஆகாது, ஆகாது! போயிக் கையைக் கழுவு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். கையில் ஒட்டியிருந்த மிச்சத்தை நான் சேலையில் துடைக்கவில்லை. கை தலையில் இருந்தது, விரல்கள் வேர்வரை போயிருந்தன. இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை. வழக்கம்போல் அந்த எண்ணெயையும் குடித்துவிட்டு, என் முடி காற்றில் ஒன்றொன்றாக எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.